வயலிலும் கதிர், வைத்தியசாலையிலும் கதிர்

இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் குத்தகை வயல் செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்விதழில் எழுதுகின்றோம். கணவருக்கு வாயில் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் பெற்றார். இன்று வயலுக்குப் போய் வருகின்றார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். நடந்ததை மட்டும் ஒளிக்காமல் எழுதச் சொன்னார் மனைவி. "எங்களுக்கு ஒருத்தரும் முன்னுக்குச் சொல்லித் தரேல்லை. இனி வாற ஆக்களுக்காவது தெரியட்டும்" என்பது அவருடைய நியாயம்.

இவர்களுடைய இடப்பெயர்வுக் கதை எமது வாசகர்களுக்குப் புதிதன்று. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது தென்மராட்சிக்கும், அங்கிருந்து வன்னிக்கும் வந்தார்கள். 2009 இல் செட்டிகுளம் முகாம். 2010 இல் மீண்டும் கிளிநொச்சி. போகும் இடமெல்லாம் குத்தகைக் காணி, தகரக் கொட்டில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். பிறந்த ஊரில் தகப்பன் புகையிலையும் வெங்காயமும் செய்த செம்மண் தோட்டம் இன்றும் அவர்களின் கைக்கு வந்து சேரவில்லை.

தோட்டம் போனாலும் புகையிலை போகவில்லை. பதினெட்டு வயதில் தகப்பனோடு புகையிலைக்கு நீர் இறைத்த காலத்தில் பழகிய வெற்றிலை, ஒவ்வோர் இடப்பெயர்விலும் கூடவே வந்தது. முகாமில் பசிக்கு வெற்றிலை, வயற்காவலில் நித்திரை வராமலிருக்க வெற்றிலை. இரவில் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டே படுத்துவிடுவார்.

வாய்க்குள் ஒரு வெள்ளை

2017 சிறுபோகம் வெட்டுகிற நாளில் கறி உறைக்கிறது என்று கோப்பையைத் தள்ளினார். வழக்கமான கறிதான். பிறகு கவளத்தைச் சிறிதாக்கினார். வாய் முன்போல் விரியவில்லை. மனைவி ஒருநாள் பகல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, இடது கன்னத்தின் உட்புறத்தில், வெற்றிலை ஒதுக்குகிற அதே இடத்தில், வெள்ளையாக ஒரு படை. அதன் நடுவில் சிறிய புண்.

நோவில்லை. அதுதான் ஏமாற்றியது. வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோவு வரும்போது நோய் ஆழமாகப் போயிருக்கும். சொத்தைப் பல் உரசுகிறது என்று ஒரு மாதம், உள்ளூர் மருந்தெண்ணெய் பூசி ஒரு மாதம், விதைப்பு முடியட்டும் என்று இன்னொரு மாதம் போயிற்று.

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றே முதலிடத்தில் உள்ளது. புகையிலை சேராத வெறும் பாக்கு பாதகமில்லை என்று எம்மவரிடையே ஓர் எண்ணம் உண்டு. அது பிழை. பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. பாக்கினால் கன்னத்தின் உட்தசை இறுகி, வாய் சிறுகச் சிறுகப் பூட்டிக்கொள்ளும். உறைப்புத் தாங்காமல் எரிவதும் வாய் விரியாமற் போவதும் அதன் முன்னறிகுறிகள். நடுத்தர வயதுடைய ஒருவருக்குச் சாதாரணமாகத் தம்முடைய மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியும். முடியவில்லையென்றாலோ, வெள்ளைப் படை, சிவப்புப் படை, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண் இருந்தாலோ அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கிளிநொச்சியில் இவரைச் சரியான இடத்துக்கு அனுப்பியதும் ஒரு பல் வைத்தியர்தான்.

புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்று கணவர் எதுவும் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்தார். ஏறி உழக்கவில்லை. மனைவி பின்னால் நடந்து வந்தார். நாங்கள் கேட்டபோது அவ்வளவு தூரத்தை எப்படி நடந்தோம் என்று இருவருக்கும் நினைவில்லை.

தெல்லிப்பழைக்கு

2017 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. கன்னத்தின் ஒரு பகுதியையும் கழுத்தின் இடப்பக்கத்து நெரிகட்டிகளையும் அகற்றினார்கள். அதற்குப் பின் கதிர்ச்சிகிச்சை வேண்டும் என்றார்கள். கதிர் தொடங்குமுன் பழுதான பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. கதிர் பட்ட தாடை எலும்பில் பிறகு பல்லைப் பிடுங்கினால் அந்தக் காயம் ஆறாமல் எலும்பே பழுதாகிவிடக்கூடும். ஆகவே தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர் எடுத்த எவரும் ஆண்டுகள் கடந்தாலும் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லாமல் பல் பிடுங்கவே கூடாது.

முன்பு வடக்கிலிருந்து கதிர்ச்சிகிச்சைக்கு மகரகமைக்குப் போனவர்கள் பலர். போர்க்காலத்தில் பாஸ் எடுத்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மொழி தெரியாத இடத்தில் மாதக்கணக்கில் தங்கியவர்கள் எமது வாசகர்களிடையேயும் இருக்கின்றார்கள். 2011 யூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கும் பலர் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட நிதி சேர்த்தார்கள். அந்த வைத்தியசாலைக்குத்தான் இவர் போனார். சுன்னாகத்தில் மனைவியின் சித்தி வீட்டில் ஓர் அறை கிடைத்தது. காலையில் பஸ், மதியம் திரும்பி வருதல்.

தெல்லிப்பழைச் சந்தியில் இறங்கும்போதெல்லாம் அவர் வடக்குப் பக்கம் பார்ப்பாராம். அந்த வழியே போனால் தகப்பனின் தோட்டம். ஊரைவிட்டு வெளிக்கிட்டு இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், நாள் தவறாமல் ஊர்ப்பக்கம் போகும்படி செய்தது இந்த நோய்தான்.

நான்காம் கிழமை

கதிர்ச்சிகிச்சை என்பது ஒரே நாளில் கொடுத்து முடிப்பதன்று. இவருக்கு 30 தடவைகள். கிழமையில் ஐந்து நாட்களாக ஆறு கிழமைகள். முகத்துக்கு அளவெடுத்து, வலைபோன்ற பிளாஸ்ரிக் முகமூடி ஒன்று செய்து, அதை மேசையோடு பூட்டித் தலை அசையாமல் வைத்துக் கதிர் விடுவார்கள். சில நிமிட வேலை. அந்த நேரத்தில் சூடோ நோவோ தெரியாது. முதற் கிழமை முடிந்தபோது, "இதுக்கோ இவ்வளவு பயந்தனாங்கள்" என்று கணவர் சிரித்திருக்கின்றார்.

இரண்டாம் கிழமையின் முடிவில் வாய் வெந்தது. மூன்றாம் கிழமையில் உமிழ்நீர் வற்றியது. நாக்கில் உப்பும் புளியும் தெரியவில்லை. நான்காம் கிழமையில் எச்சில் விழுங்கவே அழுதார். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. அந்தக் கிழமையில்தான் கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி வந்தது: வயல் பழுத்துவிட்டது, வெட்டு மெசின் அடுத்த கிழமை இந்தப் பக்கம் வருகின்றது.

காலபோக நெல்லை விட்டால் அந்த ஆண்டுக்குச் சோறில்லை, குத்தகைக்கும் காசில்லை. நகை ஏற்கெனவே அடகில். அதற்கு மேல் நுண்கடன் வேறு. அந்த ஆண்டுகளில் வன்னியில் கிழமைக்கொரு நாள் வாசலுக்கு வந்து தவணை கேட்கும் கடன் எத்தனை பெண்களை ஒளித்திருக்கச் செய்தது என்பதை நாம் எழுதித் தெரிய வேண்டியதில்லை. "ஒரு கிழமை நிப்பாட்டிப்போட்டுப் போய் வெட்டிப்போட்டு வாறன். நெல்லு நிக்காது, வருத்தம் நிக்கும்" என்றார் கணவர்.

மனைவி அவருக்கு மறுமொழி சொல்லவில்லை. அடுத்த நாள் கதிர் அறைக்கு வெளியே காத்திருந்து வைத்தியரிடமே கேட்டார். வைத்தியர் சொன்னதை எமது வாசகர்கள் ஒவ்வொருவரும் மனதிற் கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாட் கதிரும் புற்றுக்கலங்களில் ஒரு பங்கை அழிக்கின்றது. இடைவெளி விட்டால் மிஞ்சிய கலங்கள் திரும்பவும் பெருகுகின்றன. வாய், தொண்டைப் புற்றுநோய்களில் சிகிச்சைக் காலம் நீள நீள நோய் திரும்பும் ஆபத்துக் கூடும். பிறகு கூட்டிக் கொடுத்து அதை முழுமையாக ஈடுசெய்ய முடியாது. உழவரான எமக்கு இது விளங்கும். பாதி வயலுக்குக் களை பிடுங்கிவிட்டு ஒரு கிழமை கழித்துப் போனால் என்ன இருக்கும்?

அன்றிரவே கமக்காரர் அமைப்பின் செயலாளருக்குச் சொன்னார்கள். அவர் பெரிய வாக்குறுதி ஒன்றும் தரவில்லை; "பாப்பம் அக்கா" என்றாராம். ஆனால் பக்கத்து வயற்காரர் மூவர் இரவில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தார்கள். மெசின் வந்த அன்று மூத்த மகன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். மெசின் கூலியை நெல் விற்ற பின் வாங்கிக்கொண்டார்கள். அவசரத்தில் ஈர நெல்லாகவே களத்தில் விலைபேசிக் கொடுத்ததால் நட்டந்தான். குத்தகையும் மெசின் கூலியும் போக, வீட்டுச் சாப்பாட்டுக்குச் சில மூட்டைகள் மிஞ்சின. அடகு நகை மூழ்கிப்போயிற்று. கணவர் ஒரு நாளும் தவறாமல் 30 தடவைகளையும் முடித்தார்.

நகை போனதில் அந்த அம்மாவுக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. அதை அவர் மறைக்கவில்லை. தாய் போட்ட சங்கிலி.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை என்பது உண்மை. ஆனால் பஸ்காசு, சாப்பாடு, போன கூலி, தவறிய போகம் ஆகியவற்றை யாரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. புற்றுநோயாளருக்கு மாதாந்த உதவிப்பணம் கிடைக்க வழி உண்டு. வைத்தியரின் கடிதத்துடன் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள். இவர்கள் அதை அறிந்தது சிகிச்சை முடிந்து நான்கு மாதங்களின் பின். நோய் தெரிந்த கிழமையிலேயே கேட்பது நல்லது.

என்ன கொடுத்தார்

வாய்க் கதிர் எடுப்பவரின் உடல் நிறை குறையவிடக் கூடாது. நிறை குறைந்தால் உடல் சிகிச்சையைத் தாங்காது. முகத்துக்கு அளவெடுத்த முகமூடியும் பொருந்தாமற் போகும். மூன்று வேளைச் சோற்றை மறந்துவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுத்தார் மனைவி. பயற்றங்கஞ்சியைத் தேங்காய்ப்பாலில் நன்றாகக் கரைய வைத்து ஆறவிட்டுக் கொடுத்தார். உழுத்தம்மாக் களியை இளக்கி நல்லெண்ணெய் விட்டார். முட்டையை அவித்து மசித்துப் பாலிற் கலந்தார். மீனை முள்ளில்லாமல் அவித்துக் குழைசோற்றோடு அரைத்தார். கூழ் என்றால் கணவருக்கு உயிர். மிளகாயும் புளியும் இல்லாமல் ஒடியல் மாவும் மீனும் மரவள்ளியும் போட்டுக் காய்ச்சினார். "இது கூழோ?" என்று அவர் எழுதிக் காட்டினாராம். பேச முடியாத நாட்களில் கொப்பி ஒன்றில் எழுதித்தான் சண்டை பிடித்தார்கள். அந்தக் கொப்பியை எமக்குக் காட்டவில்லை.

வாய் கொப்பளிக்க, கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, நாளுக்குப் பல தடவை. விழுங்குவதில்லை. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு நோக்குளிசை. கதிர் படும் கழுத்தில் சவர்க்காரம், பௌடர், எண்ணெய் எதுவும் பூசவில்லை, பிளேட்டால் வழிக்கவில்லை, வெயிலில் மெல்லிய பருத்திச் சால்வை போட்டார். விழுங்க முடியாமற் போனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுப்பார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, வாய் ஆறியதும் எடுத்துவிடுவார்கள். இவருக்கு அது வேண்டியிருக்கவில்லை, மயிரிழையில் தப்பினார்.

தனிக் கோப்பை

சுன்னாகத்து வீட்டில் ஒரு சிறு பிள்ளை. மூன்றாம் நாள் முதல் அந்தப் பிள்ளையை இவரிடம் விடவில்லை. கோப்பை, செம்பு எல்லாம் வேறாக வைக்கப்பட்டன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரம் சொல்லிற்று. மனைவி இதைத் தாதியிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு சித்தியையும் ஒருநாள் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றார். வாய்ப்புற்று கோப்பையாலும் எச்சிலாலும் மற்றவருக்குத் தொற்றுவதில்லை. வெளியிலிருந்து இயந்திரத்தால் விடும் கதிர் அறையைவிட்டு வெளியே வந்தபின் உடம்பில் தங்கி நிற்பதுமில்லை. பிள்ளையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். சித்தி கேட்டுக்கொண்டார். கோப்பை மட்டும் கடைசிவரை வேறாகத்தான் இருந்தது. அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது, ஆறு கிழமை அறை தந்தவர்.

முடிந்த பிறகு

கதிர் முடிந்த அன்று எல்லாம் முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள். வாய்ப்புண் ஆறவே மேலும் ஒரு மாதமளவிற் சென்றது. சுவை மெல்ல மெல்லத் திரும்பியது. உமிழ்நீர் இன்னும் குறைவுதான்; வயலுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல் கழுத்திலேயே தொங்கும்.

கழுத்தில் நெரிகட்டி எடுத்தவர்களுக்குத் தோள் சோர்ந்து போவதுண்டு. முதன்முதல் மண்வெட்டியை எடுத்தபோது இடக்கை காதளவுக்கு மேலே எழும்பவில்லை. அதை எறிந்துவிட்டு வரம்பிலேயே இருந்துவிட்டார். வைத்தியசாலையில் காட்டிக்கொடுத்த பயிற்சி எளியது. சுவருக்கு முன் நின்று விரல்களால் சுவரில் ஏறி ஏறிப் போக வேண்டும். மனைவி கரியால் சுவரில் கோடு போட்டார். இன்றைக்கு இவ்வளவு, நாளைக்கு ஒரு விரல் கூட. அந்தக் கோடுகள் அழியாமல் இருப்பதைக் கண்டோம்; மேல்க் கோடு எமது தலைக்கு மேலே இருந்தது.

வாய் பூட்டாமலிருக்க ஐஸ்பழத் தடிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து விரிக்கும் பயிற்சியும் உண்டு. பத்துத் தடியில் தொடங்கினார். ஆறு மாதத்தில் பதினாறு தடி. விட்டுவிட்டால் மீண்டும் இறுகும் என்பதால் இன்றும் காலையில் செய்கின்றார்.

வெற்றிலையைப் பற்றிக் கேட்டோம். கணவர் சிரித்தார், மனைவி சிரிக்கவில்லை. சிகிச்சை முடிந்த ஐந்தாம் மாதம் வயலில் ஒளித்து ஒரு வாய் போட்டிருக்கின்றார். மணத்திலேயே பிடிபட்டார். மனைவியும் பாக்கும் வெற்றிலையும் போடுகிறவர்தான், புகையிலை மட்டும் சேர்ப்பதில்லை. அன்றைக்கே வெற்றிலைத் தட்டத்தை எடுத்துப் பழைய பித்தளைக்கு விற்றுவிட்டார். "நான் போட்டுக்கொண்டு இவரை விடச் சொல்லேலுமோ?" என்றார். விட்ட முதல் மாதம் தலையிடியும் சினமுமாக அவர் பட்ட பாடு கணவர் பட்டதற்குக் குறைந்ததன்று. ஒரே வீட்டில் ஒருவர் போட மற்றவர் விடுவது நடக்கிற காரியமாக எமக்குத் தெரியவில்லை.

இந்த ஆறு ஏழு மாதமும் மனைவியை யாரும் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எல்லோரும் "அவருக்கு எப்படி?" என்றே கேட்டார்கள். அவருக்கு ஏற்கெனவே இரத்த அழுத்தம். தன்னுடைய கிளினிக்கை மூன்று மாதம் தவறவிட்டு ஒருநாள் வைத்தியசாலைப் படியிலேயே தலைசுற்றி விழுந்தார். அதற்குப் பிறகு மகள் வெள்ளிக்கிழமைகளில் வந்து, தாயை வீட்டில் இருத்திவிட்டுத் தகப்பனைத் தான் கூட்டிச் சென்றாள். அந்த ஒரு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "படுத்தன்" என்றார்.

2018 டிசெம்பரில் கிளிநொச்சியில் வந்த வெள்ளம் அடுத்த போகத்தையும் கொண்டுபோயிற்று. 2022 இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் கிளினிக்குக்குப் போக விடியற்காலை மூன்று மணிக்கு வீதியில் நின்றார்கள். நோய் திரும்புமானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே திரும்பும் என்று சொல்லியிருந்தபடியால் ஒரு கிளினிக்கையும் விடவில்லை. ஐந்து ஆண்டு கடந்தபின் ஆண்டுக்கொரு முறை வரச் சொல்லியிருக்கின்றார்கள்.

இப்போது இரண்டு ஏக்கரில் ஒன்றை வாரத்துக்கு விட்டிருக்கின்றார்கள். மற்றதில் நெல், சிறுபோகத்துக்கு உழுந்தும் பயறும். மண்வெட்டி வேலைக்கு மகன் வருகின்றான். மாதம் பிறந்ததும் முதற் காலையில் மனைவி ரோர்ச் லைற்றைப் பிடித்துக் கணவரின் வாய்க்குள் பார்க்கின்றார். பிறகு அவர் வாங்கி மனைவியின் வாயைப் பார்க்கின்றார்.